சாங்கிரியா கசந்த கதை
ஸ்பெயினின் வலென்சியாவில், ஒயினில் பழங்களை ஊறவைக்கும் சாங்கிரியா என்ற பானத்தை வீட்டிலேயே போட ஆரம்பித்து மூன்று ஜாடி கொட்டியாகிவிட்டது. இரவு கலக்கும்போது ருசி பிரமாதம், காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் அடிநாக்கில் ஒரு கசப்பு. மலிவு ஒயின்தான் காரணம் என்று கார்னாச்சா திராட்சை ஒயினிலிருந்து டெம்ப்ரானில்லோ திராட்சை ஒயினுக்கு மாறினேன், கசப்பு போகவில்லை. சர்க்கரையைக் கூட்டினால் பானகம் மாதிரி ஆனதுதான் மிச்சம். பிராந்தி சேர்க்காமலும் பார்த்தேன்.

அப்புறம் ஊறிய ஆரஞ்சு வில்லை ஒன்றைக் கடித்தேன்: சுளை இனித்தது, தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி வேப்பங்காய்! ராத்திரி முழுக்க ஒயினில் இறங்கியது அதுதான். இப்போது ஆரஞ்சு, எலுமிச்சை இரண்டையும் வெள்ளை போகச் சீவிச் சுளை மட்டும் போடுகிறேன். மணத்துக்கு மேல்தோல் இரண்டு சீவல், அதையும் 2 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். பீச், ஆப்பிள் விடியும்வரை கிடக்கலாம். சோடா, பரிமாறும்போதுதான்.