சுமாரான படத்துக்குப் போவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் டிவிடி வாடகைக் கடை வைத்திருந்தபோது, பெரிய வெற்றிப் படங்களுக்கு யாரும் என்னிடம் ஆலோசனை கேட்டதில்லை. பெயரைச் சொல்லி வாங்கிப்போவார்கள். சனிக்கிழமை இரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க ஏதாவது கொடுங்கள் என்று வருகிறவர்களுக்குத்தான் யோசித்து எடுத்துக் கொடுப்பேன். அவற்றில் பெரும்பாலானவை சுமாரான படங்கள். இன்று அதே கடையில் ஜெராக்ஸும் செல்போன் ரீசார்ஜும் நடக்கின்றன. இந்த வாரம் எதற்குப் போகலாம் என்று கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள்.

சுமாரான படத்தில் ஏதாவது ஒன்று உறுதியாக நன்றாக இருக்கும். ஏதாவது ஒன்று சறுக்கியிருக்கும். நன்றாக இருப்பது எது என்று முன்பே தெரிந்துகொண்டு, அதற்காகவே போக வேண்டும். ஆண்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வெளிவருகின்றன. காலத்துக்கும் நிற்கப்போகிறவை சிலவே. அவற்றுக்காக மட்டும் காத்திருப்பவர் எத்தனையோ நல்ல நடிகர்களை அறியாமலே போய்விடுவார்.

2023 டிசம்பரில் வந்த 'பார்க்கிங்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் மாடியிலும் கீழேயும் குடியிருக்கும் இருவர், கார் நிறுத்தும் இடத்துக்காக மோதிக்கொள்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூர் சந்துகளில் வாடகைக்கு வீடு பிடித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய கதை தேவையில்லை. சிக்கனமாகவே வாழ்ந்து பழகிய அரசு ஊழியராக எம். எஸ். பாஸ்கர் வருகிறார். மனிதருடைய கௌரவம் கொஞ்சம் கொஞ்சமாக வன்மமாகத் திரிவதை அவர் முகத்திலேயே பார்க்கலாம். 71ஆவது தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை, துணை நடிகர் ஆகிய மூன்று விருதுகளும் அந்தப் படத்தைத் தேடி வந்தன. விருதை மதிக்கிறேன். ஆனாலும் பின்பாதியில் இருவரும் ஒருவரையொருவர் அழிக்கக் கிளம்பும்போது கதை தன் அளவை மீறிவிடுகிறது என்பதே என் எண்ணம். அதனால் என்னிடம் கேட்டவர்களை பாஸ்கருக்காகப் போய்வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

படம் பார்த்துவிட்டு வந்தவரிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதற்கு வரும் பதிலை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. இடைவேளை வரை செல்போனைக் கையில் எடுத்தீர்களா என்று கேளுங்கள். எந்த இடத்தில் அலுத்தது என்று கேளுங்கள். கதாநாயகனையும் கதாநாயகியையும் விட்டால் வேறு யார் நினைவில் நிற்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு துணை நடிகரின் பெயரோ பாத்திரமோ யோசிக்காமல் வாயில் வந்தால், அந்தப் படம் டிக்கெட் விலைக்குத் தகும். அதே ஆண்டு வந்த 'குட் நைட்' படத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் அக்காள் கணவராக வரும் ரமேஷ் திலக்கைச் சொல்வார்கள். வீட்டுக்காரப் பெரியவராக வரும் பாலாஜி சக்திவேலைச் சொல்வார்கள். குறட்டை விடும் நாயகன் மணிகண்டனின் குற்ற உணர்வு பின்பாதியில் ஒரே இடத்தில் சுற்றுகிறது. அந்த வீட்டுக்காரப் பெரியவரும் அவர் மனைவியும் காட்டும் அன்பு வரும் இடங்களிலெல்லாம் படம் மறுபடி எழுந்து நிற்கிறது.

இந்தக் கேள்விகளை முதல் நாள் முதல் காட்சி பார்த்த ரசிகரிடம் கேட்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மனைவி, பிள்ளைகளோடு போய்வந்தவரே நம்பத்தக்க சாட்சி.

அடுத்து நீளம். சிறந்த படம் மூன்று மணி நேரம் ஓடினாலும் உட்காரலாம். சுமாரான படத்துக்கு இரண்டேகால் மணி நேரமே அதிகம். டிக்கெட் பதிவு செய்யும் செயலியிலேயே ஓடும் நேரத்தைப் போட்டிருப்பார்கள். 2024 செப்டம்பரில் வந்த 'மெய்யழகன்' படத்தில்கூட, வெளியான சில நாட்களிலேயே 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். அந்தப் படம் எனக்கு மிகவும் பிடித்தமானது, சுமார் வரிசையில் அதை வைக்கமாட்டேன். அதற்கே நீளம் சிக்கலானதென்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்ப் பார்க்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆறரை மணிக் காட்சி இரண்டே முக்கால் மணி நேரம் ஓடினால், இடைவேளையும் சேர்ந்து ஒன்பதரை தாண்டிவிடும். அதன் பிறகு பஸ் பிடித்து, முதலியார்பேட்டையும் அரியாங்குப்பமும் கடந்து, கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி வழியாக ஊர் வந்து சேர வேண்டும். குழந்தைகள் தோளில் தூங்கிவிடுவார்கள். மதியக் காட்சிக்குப் போங்கள், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடலாம். புதுச்சேரி அரசு நடத்தும் இந்தியத் திரைப்பட விழாவுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் அங்கே விருது கொடுக்கிறார்கள். நாடகத் தமிழை வளர்த்த அந்த மனிதர் 1922இல் மறைந்ததும் அடக்கமானதும் புதுச்சேரியில்தான், கருவடிக்குப்பத்தில். அந்த விழாவுக்கு எவ்வளவு அலைந்தும் போகலாம்.

யாருக்கு எந்தப் படம் என்று பார்ப்பதில்தான் என் தொழில் இருந்தது. சிறந்த படத்தை யாருக்கும் கொடுக்கலாம். சுமாரான படத்துக்கு ஆள் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் வந்த '3 பிஎச்கே' சொந்த வீடு வாங்கத் தவிக்கும் ஒரு குடும்பத்தின் கதை. அடிமேல் அடி விழுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. ஆனால் சரத்குமாரும் தேவயானியும் அப்பா அம்மாவாக அடங்கி நடித்திருப்பது பெரிய ஆறுதல். 1997இல் 'சூரியவம்சம்' பார்த்தவர்களுக்கு அவர்களைச் சேர்த்துப் பார்ப்பதே மகிழ்ச்சி. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துத் தெரு அக்காவை அந்தப் படத்துக்குப் போகச் சொன்னேன். அழுதுவிட்டு வந்து, கடைக்கே வந்து நன்றி சொன்னார். மகன் படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் இருக்கும் இன்னொரு வீட்டில் அந்தப் படத்தின் பேச்சையே எடுக்கவில்லை. மகனாக வரும் சித்தார்த் படிப்பிலும் வேலையிலும் படும் பாடு அவர்களுக்கு ரணமாக இருந்திருக்கும்.

தியேட்டரா, வீட்டில் ஓடிடியா? தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் சில வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன, காத்திருப்பது எளிது. கூட்டத்தோடு சிரிக்கவோ கைதட்டவோ இடம் இருக்கும் படங்களைத் தியேட்டரில் பாருங்கள். அரக்கோணத்தில் இரண்டு உள்ளூர்க் கிரிக்கெட் அணிகள் மோதும் 'ப்ளூ ஸ்டார்' அப்படிப்பட்டது. முடிவு எப்படிப் போகும் என்று ஊகிக்க முடிந்தாலும், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும்போது அரங்கமே எழுந்தால் அந்தக் குறை தெரியாது. வீட்டுச் சோபாவில் அது பளிச்சென்று தெரியும்.

பார்த்துவிட்டு வந்தபின் உங்களிடம் ஒருவர் கேட்டால் மதிப்பெண் போடாதீர்கள். நன்றாக இருந்த ஒரு காட்சியை, திருப்பம் வெளிப்படாமல் சொல்லுங்கள். தளர்ந்த இடத்தையும் சொல்லுங்கள். கேட்டவர் தானே முடிவு செய்துகொள்வார்.

போவதென்று முடிவு செய்தால் தள்ளிப்போட வேண்டாம். வெள்ளிக்கிழமை புதுப் படங்கள் வரும்போது முதலில் காட்சிகளை இழப்பவை இந்தப் படங்கள்தான். வியாழக்கிழமைக்குள் பார்த்துவிடுங்கள். வாரநாளில் ஆள் குறைந்தால் காட்சியை ரத்து செய்வதும் உண்டு, அதனால் கிளம்பும் முன் தியேட்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.