இறைச்சியைக் குறைப்பதா? வீட்டில் பேசி முடிவெடுக்கும் முறை

வன்னியின் பல வீடுகளில் இறைச்சியைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு கிளினிக்கிலிருந்துதான் உள்ளே வருகிறது. இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த வைத்தியர் “இறைச்சியைக் குறையுங்கோ” என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட, அன்றிரவே வீட்டில் விவாதம் தொடங்குகிறது. மனைவி அடியோடு நிறுத்திவிடலாம் என்கிறார். கணவர் மச்சமில்லாமல் சோறு இறங்காது என்கிறார். உயர்தரம் படிக்கும் மகள் பூமி வெப்பமடைவதைப் பற்றிச் சொல்கிறாள். பிள்ளைகள் தின்னுகிற வயதில் தின்னட்டும் என்று அம்மம்மா பேச்சை முடித்துவைக்கிறார். நால்வரும் நான்கு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்வதால் எதுவும் தீர்வதில்லை. ஆகவே ‘உண்பதா, விடுவதா’ என்று தொடங்காமல், எந்த இறைச்சி, எவ்வளவு, யாருக்கு, அதற்குப் பதிலாக என்ன என்று தனித்தனியே பேசுவதே சரியான வழி.

பேச உட்காருவதற்கு முன் சிலவற்றை வெளியே வைத்துவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, தவக்காலம் என்று மச்சம் விலக்கும் நாட்கள் அவரவர் நம்பிக்கையைச் சேர்ந்தவை. அவற்றை இந்த விவாதத்தில் வாதமாக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, மரக்கறி உண்பவர் மேலானவர், இறைச்சி உண்பவர் கீழானவர் என்ற எண்ணம் எந்த உருவில் வந்தாலும் இடங்கொடுக்கக் கூடாது. அது சாதியின் குரல். உடல்நலத்தின் பெயரிலோ சுற்றுச்சூழலின் பெயரிலோ அது பேசத் தொடங்கினால், நியாயமான காரணங்களையும் கேட்பவர் நம்பமாட்டார்.

முதல் வேலை அளப்பது. இரண்டு கிழமைகளுக்கு எதையும் மாற்றாமல், வாங்கிய இறைச்சியின் வகையையும் நிறையையும் சமையலறைக் கலண்டரில் குறித்து வையுங்கள். ஆடு, மாடு, பன்றி ஆகியவை சிவப்பு இறைச்சி. கோழி அதில் சேராது. சிவப்பு இறைச்சி உண்பவர்கள் அதைக் கிழமைக்கு, சமைத்த நிலையில், 350 முதல் 500 கிராம் அளவுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் பரிந்துரைக்கிறது. சமைத்த 500 கிராம் என்பது பச்சையாக ஏறத்தாழ 700 முதல் 750 கிராம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேருக்கு ஒரு கிலோ ஆட்டிறைச்சி வாங்கும் வீட்டில், எலும்பையும் சேர்த்தே ஆளுக்கு 200 கிராம்தான் வருகிறது. கிழமையில் வேறு நாட்களில் வாங்காவிட்டால் இது எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது.

ஆனால் எல்லாருடைய கோப்பையிலும் அந்தச் சராசரி விழுவதில்லை. சட்டியிலிருந்து யாருக்கு என்ன போகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். தசைத் துண்டுகளும் ஈரலும் அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் போய்விட, கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மாவுக்கு எலும்பும் குழம்பும் மிஞ்சுவது இன்னும் பல வீடுகளில் வழக்கம். கொலஸ்திரோல் கூடிய ஆணுக்கு மிதமிஞ்சியும், குருதிச்சோகையுள்ள பெண்ணுக்குப் போதாமலும் ஒரே சட்டியிலிருந்து பரிமாறப்படுகிறது என்றால், அந்த வீட்டுக்கு முதலில் தேவைப்படுவது பங்கீட்டில் மாற்றம். ‘குறைப்போம்’ என்ற பொதுச் சொல் அங்கே ஏற்கெனவே குறைவாக உண்பவரிடமிருந்துதான் எடுக்கும். இதை வெளிப்படையாகப் பேசாத விவாதம் எனக்கு நேர்மையானதாகத் தெரியவில்லை. சமைக்கும் முறையையும் இதே இடத்தில் பேசிவிடலாம்: தேங்காயின் முதற்பாலை அள்ளி ஊற்றி வைத்த குழம்பும், தோலோடு எண்ணெயில் பொரித்த புறொயிலர் கோழியும் கொலஸ்திரோலை உயர்த்தும் நிரம்பிய கொழுப்பைக் கூட்டுகின்றன. இறைச்சியின் நிறையை மாற்றாமலே இவற்றைத் திருத்த முடியும்.

தயக்கமின்றிக் குறைக்க வேண்டியவை சொசேஜும் மீற்போலும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. நாளாந்தம் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு, உண்ணாதவருக்கு இருப்பதைவிட 18 வீதமளவில் கூடுகிறது என்பது அதன் கணிப்பு. புகையிலையும் அதே தொகுதியில் இருக்கிறது என்பதற்காக இரண்டும் ஒரே அளவு கேடானவை என்று பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். அந்தத் தொகுதி காட்டுவது சான்றின் உறுதியையே தவிர ஆபத்தின் அளவை அல்ல.

சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசும்போது உலகக் கணக்கையும் ஊர்க் கணக்கையும் அருகருகே வைக்க வேண்டும். 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 2018இல் வெளியான ஆய்வின்படி, 100 கிராம் புரதத்தைப் பெறுவதற்கு வெளியாகும் பச்சைவீட்டு வாயு, இறைச்சிக்காக வளர்க்கும் மாட்டில் சராசரியாக 50 கிலோ, ஆட்டில் 20 கிலோ, கோழியில் 6 கிலோ, பயறு வகைகளில் ஒரு கிலோவுக்கும் குறைவு. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் உண்டாகும் மீதேன், நூறு ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பதே மாடும் ஆடும் இவ்வளவு உயரத்தில் நிற்பதற்கு ஒரு பெரிய காரணம்.

இதற்கு எங்கள் விவசாயி சொல்லும் மறுமொழியும் உண்மையானது. பட்டி மாடுகள் அறுவடை முடிந்த வயலில் மேய்கின்றன. அவற்றுக்காக இங்கே யாரும் காட்டை அழித்துச் சோயா விதைப்பதில்லை. எரு வயலுக்குத் திரும்புகிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அந்த எருவின் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது. ஆயினும் மெதுவாக வளரும் மாடு ஒவ்வொரு கிலோ இறைச்சிக்கும் அதிக காலம் மீதேனை வெளிவிடுகிறது என்பதும், காலபோகம் விதைத்ததும் மேய்ச்சல் தரை இல்லாமல் பட்டிகள் காட்டோரத்துக்குத் தள்ளப்படுகின்றன என்பதும் மறுக்க முடியாதவை. நீர் தேங்கிய நெல்வயலும் மீதேனை வெளியிடுகிறது என்று மகளிடம் யாராவது சொன்னால், அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். என் தீர்ப்பு இது: கிழமைக்கு ஒரு தடவை ஆட்டிறைச்சி உண்ணும் வன்னிக் குடும்பத்தைப் பூமியின் வெப்பத்துக்குக் குற்றவாளியாக்குவது அநியாயம், நாலைந்து நாள் இறைச்சி உண்ணும் வீடு அதில் இரண்டு நாளைப் பயறுக்கு மாற்றுவது, சிறிதாயினும் மெய்யான பங்களிப்பு.

காட்டிறைச்சியில் எனக்கு இந்த நிதானம் இல்லை. மானும் மரையும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வதும் விற்பதும் குற்றம். வன்னிக் காட்டில் எஞ்சியிருக்கும் சிறுத்தைக்கு அவை முக்கிய இரை. தாத்தா காலத்து வற்றலின் சுவையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், இன்று அது அடுப்புக்கு வரக்கூடாது என்பதில் வீடு ஒருமனப்பட வேண்டும்.

பதிலாக என்ன சமைப்பது என்ற கேள்வியில்தான் பல நல்ல தீர்மானங்கள் மூன்றாம் நாளே முறிகின்றன. எடுத்த இறைச்சியின் இடத்தில் சோறு மட்டும் கூடினால், நீரிழிவு உள்ளவருக்கு நிலைமை மோசமாகும். உழுந்து, பயறு, கௌபி, கச்சான் எல்லாம் இங்கேயே விளைகின்றன. உலர்ந்த 100 கிராமில் ஏறத்தாழ 24, 25 கிராம் புரதம் உண்டு. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம், கச்சான் தவிர்ந்த மற்றவற்றில் நிறைய இருப்பதால், சோறும் பயறும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. முதல்நாள் இரவே ஊறவைத்த கௌபியைப் பதமாக அவித்து, இறைச்சிக்குப் போடும் அதே சரக்குத்தூளும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டலாக இறக்குங்கள். மச்சம் கேட்கும் நாக்குக்கு அந்த வாசனை பாதியைக் கொடுத்துவிடும். வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் பிடிபடும் குளத்து மீனும், கரையோரத்துச் சூடையும், வீட்டு முட்டையும் மீதியைக் கொடுக்கும். பிறசர் உள்ளவர் கருவாட்டை இறைச்சிக்கு மாற்றாகக் கொள்ளக்கூடாது. அதன் உப்பு அவருக்குக் கேடு.

இரும்புச்சத்தில் கவனம் வேண்டும். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் இறைச்சியின் இரும்பைப்போல் எளிதில் உறிஞ்சுவதில்லை. முருங்கையிலை வறையில் தேசிக்காய்ப் புளி விடுவது உறிஞ்சலைக் கூட்டும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பது அதைத் தடுக்கும் என்பதால் ஒரு மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும். முட்டை, மீன், பால், தயிர் எல்லாவற்றையும் விடுபவருக்கு விற்றமின் பி12 குளிசை தேவைப்படும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு குழந்தைகள், மெலிந்துபோன முதியவர்கள் ஆகியோரின் உணவில் குடும்பநல உத்தியோகத்தரையோ வைத்தியரையோ கேட்காமல் எதையும் குறைக்க வேண்டாம். சிறுநீரக நோயாளர் இறைச்சியைக் குறைப்பதையும் பயறைக் கூட்டுவதையும் தாமாகச் செய்யவே கூடாது.

அம்மம்மாவிடம் பேசும்போது எண்களை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் உப்புப் போட்ட கஞ்சிக்கு வரிசையில் நின்றவருக்கு, பேரப்பிள்ளையின் கோப்பையில் ஒரு துண்டு இறைச்சி வைப்பது அந்தப் பசி திரும்பாது என்ற உறுதி. “பிள்ளைக்குக் குறைக்கேல்லை அம்மம்மா, அப்பாவுக்குத்தான் குறைக்கிறம், பிள்ளைக்கு முட்டையும் மீனும் கூட்டித்தான் தாறம்” என்று சொன்னால் அவர் கேட்பார். சொன்னபடி முட்டையும் மீனும் வரவும் வேண்டும்.

முடிவை நிரந்தரச் சத்தியமாக எடுக்காமல், அடுத்த இரத்தப் பரிசோதனை வரை, மூன்று மாதத்துக்கு எடுங்கள். கிழமையில் எந்தெந்த நாள் இறைச்சி, எத்தனை கிராம், யாருக்கு முதலில் என்று அதே கலண்டரில் எழுதி வையுங்கள். தீபாவளிக்கு ஊரார் சேர்ந்து ஆடு அடித்துப் பங்கு போடும்போது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை; அந்தக் கிழமை வேறு நாளில் வாங்காமல் விட்டால் போதும். அறிக்கை வந்ததும் அதையும் கலண்டரையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, பயன் தெரியாவிட்டால் எண்ணெய், சீனி, நடை ஆகியவற்றைப் பற்றி வைத்தியரிடம் கேட்டு, அடுத்த மூன்று மாதத்துக்கான கணக்கை மாற்றி எழுதுங்கள்.