தொழில்நுட்பத் தலைவர் ஒருவர் திருகோணமலைக்கு வரும்போது: உருவாக்குநர் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பிரதான நிறைவேற்று அதிகாரி நம் ஊர் உருவாக்குநர்களைச் சந்திக்க ஒப்புக்கொண்டதும், ஏற்பாட்டுக் குழு முதலில் பேசுவது பெரும்பாலும் மண்டபம், மாலை, பொன்னாடை ஆகியவற்றைப் பற்றியே. நான் உதவிய ஒரு சந்திப்பில் மங்கல விளக்கேற்றலும் வரவேற்புரையும் தலைமையுரையுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்தது. பல வாரங்கள் உழைத்து எழுதிய செயலியை மடிக்கணினியில் திறந்து வைத்தபடி இரண்டு மாணவிகள் காத்திருக்க, விருந்தினர் அதைப் பார்க்காமலே வண்டியேறினார். அவ்வாறு மீண்டும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாளைத் தெரிவு செய்யும்போது போயா தினத்தையும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தையும் தவிருங்கள். வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களும் உகந்தவையல்ல. கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணம் செய்து வருபவரை அன்றே திரும்ப வைத்தால், அவருடைய கண் கடிகாரத்திலேயே இருக்கும். ஆகவே முதல் நாள் மாலையே வந்து தங்கும்படி கேளுங்கள். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருவோர் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டியிருப்பதால், சந்திப்பைக் காலையில் வைப்பதே நல்லது. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் இடம் கிடைத்தால் மாணவர்கள் வருவது எளிதாகும்.

அழைப்பை உறுதிசெய்யும் கடிதத்திலேயே நிகழ்ச்சியின் அமைப்பைத் தெளிவாக எழுதிவிடுங்கள்: விருந்தினர் பேசுவது இருபது நிமிடம், உருவாக்குநர்கள் தம் வேலையைக் காட்டுவது ஒரு மணி நேரம், மீதி நேரம் கேள்விகளுக்கு. பொன்னாடை போர்த்துவதை முற்றாகக் கைவிட வேண்டியதில்லை. ஊர் வழக்கத்துக்கும் மரியாதை உண்டு. அதை இறுதியில் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

அதிக உழைப்பைக் கேட்பது காட்சிப்படுத்தலே. மூன்று வேலைகளுக்கு மேல் வேண்டாம். அவற்றுள் ஒன்றாவது இந்த ஊரில் இருப்பவரால் மட்டுமே நன்றாக விளக்கக்கூடிய சிக்கலாக இருக்கட்டும். 'திருகோணமலை' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது ஆறு எழுத்து, எழுத்துகளுக்குக் கணினிக்கான எண் தரும் யூனிகோடில் வழக்கமாக 10 குறியீடுகள், அவற்றைக் கோப்பில் எழுதும் யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 30 பைட்டுகள். அதிலுள்ள 'கோ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்புக் குறி, கால் குறி என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள் என்பதால், தேடுபவருக்குத் தம் ஊரே கிடைக்காமல் போகிறது. கடற்றொழிலாளருக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் குறுஞ்செய்தியிலும் இதே போன்ற இடர் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளுமிடத்தில் தமிழில் 70 குறியீடுகளே கொள்ளும். இதை எப்படிக் கையாண்டோம் என்று ஓர் இளைஞர் நிரலைத் திறந்து காட்டினால், விருந்தினர் ஒரு பொறியியலாளராக உரையாடத் தொடங்குவார். அந்த உரையாடலுக்காகவே அவரை அழைக்கிறோம்.

மின்சாரமும் இணையமும் அன்று கைவிடும் என்றே கருதி ஆயத்தமாகுங்கள். செயலியும் தரவுத்தளமும் மடிக்கணினியிலேயே இயங்க வேண்டும். திரைப்பதிவு ஒன்று பென் டிரைவில் இருக்க வேண்டும். முதல் நாள் அதே மண்டபத்தில், அதே புரொஜெக்டரில் ஒத்திகை பாருங்கள்.

உருவாக்குநர் தமக்கு இயல்பான மொழியிலேயே பேசட்டும். விருந்தினருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மென்பொருள் அறிந்த ஒருவரை மொழிபெயர்க்க அமர்த்துங்கள். ஆங்கிலம் தடுமாறுவதால் ஒரு நல்ல நிரலாளர் வாய்மூடி இருப்பது நமக்குத்தான் இழப்பு.

கேள்விகளை முன்கூட்டியே திரட்டுங்கள். "எங்களுக்கு வேலை தருவீர்களா?" என்ற கேள்விக்குப் புன்னகையைத் தவிர வேறு விடை கிடைப்பது அரிது. "எங்கள் நிரலை உங்கள் பொறியியலாளர் ஒருவர் மாதம் ஒருமுறை பார்த்துக் கருத்துச் சொல்வாரா?" என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையை அழித்த பின், இலங்கைத் தன்னார்வ உருவாக்குநர்கள் எழுதிய சஹானா என்ற திறந்தமூல (நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய) மென்பொருள் பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. அத்தகைய திறந்தமூலத் திட்டங்களில் நம்மவர் பங்களிக்க அவருடைய நிறுவனம் நேரம் ஒதுக்குமா என்றும் கேட்கலாம்.

ஒருவர் கூட்டக் குறிப்பு எழுத வேண்டும்: யார் எதற்கு ஒப்புக்கொண்டார், எந்தத் திகதிக்குள், தொடர்பு யார். மூன்று நாட்களுக்குள் நன்றிக் கடிதத்துடன் அந்தக் குறிப்பையும் நிரல் களஞ்சியத்தின் இணைப்பையும் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து, அவர் சுட்டிய குறைகளில் எவற்றைத் திருத்தினோம் என்று மீண்டும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் திருத்தியவரின் பெயரே ஒப்பமாக இருக்கட்டும்.