படமும் ஒலியும் பொருந்தாதபோது செய்யக்கூடாதவை

கணினியில் சேமித்து வைத்த திரைப்படத்தில் உதடு முன்னே அசைந்து குரல் பின்னே வந்தால், பலரும் உடனே செய்வது அந்தக் கோப்பை ஏதாவதொரு மாற்றி மென்பொருளில் போட்டு மறுபடி என்கோட் செய்வதுதான், அதாவது படத்தையும் ஒலியையும் புதிதாகச் சுருக்கி எழுதுவதுதான். மணிக்கணக்கில் கணினி ஓடி முடித்த பிறகும் பிழை அப்படியே இருக்கும். படத்தின் தரம் மட்டும் ஒரு படி குறைந்திருக்கும். ஒலி பிசகுவதில் மூன்று வகைகள் உண்டு. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவு விலகி நிற்பது ஒன்று. போகப்போக விலகல் கூடிக்கொண்டே போவது இன்னொன்று. ஓர் இடம்வரை சரியாக இருந்துவிட்டு அங்கே திடீரென்று தாவுவது மூன்றாவது. எந்த வகை என்று பார்க்காமல் கோப்பில் கைவைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் கிளைக்கின்றன.

கோப்பில் பிழை இருக்கிறதா என்பதையே முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். புளூடூத் ஹெட்போன் வழியாகக் கேட்கும்போது ஒலி 100 முதல் 200 மில்லிநொடிவரை, சில கருவிகளில் அதற்கு மேலும் தாமதமாக வரும். தொலைக்காட்சியோ இதற்கு நேர்மாறாகப் படத்தை மெருகேற்றுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டு, தனி ஸ்பீக்கரில் வரும் ஒலியை முந்தவிடும். ஆகவே கம்பி ஹெட்போனைப் பொருத்தி, வேறொரு பிளேயரில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் கோப்பின்மேல் பழி போடக்கூடாது. ஒலி தாமதிப்பதைவிட முந்துவது நமக்குச் சீக்கிரம் உறுத்தும் என்பதையும் நினைவில் கொள்ளலாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே பார்ப்பவர்கள் உணரத் தொடங்குகிறார்கள்; பிந்தும்போது அந்த எல்லை 125 மில்லிநொடி. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது என்பதால் நம் காது அதற்குப் பழகியிருக்கிறது.

அடுத்த தவறு, தொடக்கத்தில் ஒரே ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது. படத்தின் தொடக்கம், நடுப்பகுதி, இறுதி என்று குறைந்தது மூன்று இடங்களில் அளந்தாக வேண்டும். அளப்பதற்கு உதட்டசைவை நம்புவதும் தமிழ்ப் படங்களில் சரிவராது. பெரும்பாலான படங்களில் வசனம் பின்னர் டப்பிங் கூடத்தில் பதிவானது என்பதால், மூலப் பிரதியிலேயே உதடும் குரலும் சில இடங்களில் இம்மியளவு விலகித்தான் இருக்கும். பாடல் காட்சிகளையும் தவிர்ப்பது நல்லது. கதவு அறைந்து சாத்தப்படுவது, கன்னத்தில் அறை விழுவது, பாத்திரம் தரையில் விழுவது போன்ற காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, பிரேம் பிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக நகர்த்தி, மோதல் நிகழும் பிரேமுக்கும் ஒலி அலையின் கூர்முனைக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று இடங்களிலும் ஒரே எண் வந்தால் வேலை எளிது. எம்கேவி டூல்நிக்ஸ் போன்ற மென்பொருளில் ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுத்துத் தாமத எண்ணை மில்லிநொடியில் கொடுத்தால், எதையும் மறுபடி என்கோட் செய்யாமல் சில நிமிடங்களில் புதிய கோப்பு கிடைத்துவிடும். இங்கே நேரும் தவறு கூட்டல் கழித்தல் குறியில்தான்: நேர் எண் ஒலியைப் பின்னுக்குத் தள்ளும், எதிர் எண் முன்னுக்கு இழுக்கும். டிவிடியிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும் டிஜிஇண்டெக்ஸ் என்ற மென்பொருள் இந்தத் தாமத எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதித் தருகிறது. பெயர் நீளமாக இருக்கிறதென்று அதை அழித்துவிடுகிறவர்கள் பிறகு அதில் இருந்த 80 மில்லிநொடி போன்ற எண்ணைக் கண்ணால் தேடிக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடும். விஎல்சி பிளேயரில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லிநொடி வீதம் நகர்த்துவதும் பார்க்கும் நேரத்துக்கு மட்டுமே, கோப்பு மாறுவதில்லை.

விலகல் வளர்ந்துகொண்டே போனால் எந்தத் தாமத எண்ணும் உதவாது. தொடக்கத்தைச் சரிசெய்தால் இறுதி கெடும், இறுதியைச் சரிசெய்தால் தொடக்கம் கெடும். அங்கே பார்க்க வேண்டியது வளர்ச்சியின் வேகத்தை. திரைப்படம் நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் எடுக்கப்படுகிறது; டிஜிட்டல் பிரதிகளில் அது பெரும்பாலும் 23.976 ஆகிறது, இந்தியா பின்பற்றிய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 25 ஆக ஓட்டப்பட்டது. 24-க்கும் 23.976-க்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால், இரண்டரை மணி நேரப் படத்தில், அதாவது 9000 நொடியில், இறுதிக்கு வரும்போது 9 நொடி பிசகும். 24-க்கும் 25-க்கும் என்றால் அதே 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். நிமிடத்துக்கு இரண்டரை நொடி அளவுக்கு விலகல் ஏறும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 நொடி விலகினால், நொடிக்கு 44.1 ஆயிரம் மாதிரிகள் என்ற அளவில் (44.1 கிலோஹெர்ட்ஸ்) பதிந்த ஒலி 48 என்று தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணத்தைக் காட்டிக்கொடுப்பது அளந்த எண்தான் என்பதால், கண்மதிப்பாக நீட்டிக் குறுக்கிப் பார்ப்பது வீண் உழைப்பு.

காரணம் தெரிந்த பிறகும், ஒலியை எந்த முறையில் நீட்டுவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். 25 பிரேம் வேகத்துக்கு முடுக்கப்பட்ட ஒலியில், முடுக்கும்போது திருத்தப்படாவிட்டால், பாடகரின் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும். அப்படிப்பட்ட ஒலியைச் சுருதி மாறாமல் நீட்டும் வசதியால் மெதுவாக்கினால், நேரம் பொருந்திவிடும், ஆனால் ஏறிய சுருதி ஏறியபடியே நின்றுவிடும். வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே குறைக்கும் முறைதான் அங்கே சரி. மூலத்தில் சுருதி ஏறவில்லை என்றால் மட்டும் முதல் முறையைப் பயன்படுத்தலாம். இசை முதன்மையான படங்களில் இந்த ஒன்றைக் கவனிக்காமல் விடுவது மிகவும் வருத்தத்துக்குரியது.

கைபேசியில் எடுத்த காட்சிகளில் சிக்கல் வேறு. வெளிச்சம் குறையும்போது பல கைபேசிகள் பிரேம் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. இடைவெளி சீராக இருக்கிறது என்று கருதும் எடிட்டிங் மென்பொருளில் அந்தக் காட்சி நீளும் அல்லது சுருங்கும், ஒலியோ நீளம் மாறாமல் ஓடும். இங்கே மட்டும் படத்தை மறுபடி என்கோட் செய்வதைத் தவிர்க்க முடியாது. ஹேண்ட்பிரேக் என்ற மாற்றி மென்பொருளில் நிலையான பிரேம் வேகம் என்ற தேர்வைக் கொடுத்து, எடிட்டிங்கைத் தொடங்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். வெட்டி ஒட்டி முடித்த பிறகு மாற்றுவதில் பயனில்லை.

திடீரென்று தாவும் விலகலுக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு பிரதிகளின் நீளம் வேறுபடுவதுதான். ஒரு டிவிடியின் தமிழ் ஒலித்தடத்தை அதே படத்தின் வேறொரு பிரதியோடு சேர்க்கும்போது, ஒன்றில் தணிக்கைச் சான்றிதழும் நிறுவன முத்திரைகளும் இருக்கும், மற்றதில் இருக்காது. இடைவேளை அட்டை ஒன்றில் சில நொடி கூடுதலாக நிற்கும். எங்கோ ஒரு காட்சி வெட்டப்பட்டிருக்கும். இதை மொத்தமாக நீட்டிச் சராசரியாக்க முயல்வது பிழையைப் படம் முழுவதும் பரப்பும். தாவும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒலியை அங்கே வெட்டி, அமைதியைச் செருகியோ நீக்கியோ பகுதி பகுதியாகப் பொருத்த வேண்டும். வெட்டும் இடம் வசனத்தின் நடுவில் விழாமல், காட்சி மாறும் இடத்தில் விழும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

விஎச்எஸ் கேசட்டில் இருக்கும் திருமணப் படங்களைக் கணினிக்கு மாற்றும்போது, காட்சியை ஒரு கருவியிலும் ஒலியைக் கணினியின் சவுண்ட் கார்டிலும் வாங்கினால், இரண்டின் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. கேசட் தேய்ந்த இடங்களில் பிரேம்களும் விழுந்துவிடும். காட்சியையும் ஒலியையும் ஒரே கருவி வழியாகவே வாங்கி, விடுபட்ட பிரேம்களின் எண்ணிக்கை பூஜ்ஜியமா என்று பதிவு முடிந்ததும் பார்த்து, இல்லாவிட்டால் அந்தப் பகுதியை உடனே மறுபடி பதிவுசெய்ய வேண்டும். கேசட்டைத் திருப்பிக் கொடுப்பதும், முதல் பதிவுக் கோப்பை அழிப்பதும், திருத்திய பிரதியைக் கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பார்த்த பிறகுதான்.