இங்கிலாந்தில் வீடு புதுப்பிப்போருக்கு: வரும் பொருளும் போகும் கழிவும்

ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற லண்டன் பகுதிகளில் நம்மவர்கள் வாங்கும் வீடுகளுள் பல, ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய வீடுகள். முன்புறம் ஒரு கார் நிற்க இடமிருந்தாலே பெரிது; பின்கட்டிலிருந்து எதையும் வெளியேற்ற வேண்டுமானால் கூடத்தின் வழியாகத்தான் சுமந்து வர வேண்டும். ஆகவே சமையலறையையோ குளியலறையையோ புதுப்பிக்க எண்ணுவோர், உடைத்தெடுக்கும் பொருள் எந்த வழியாக, யார் பொறுப்பில் வெளியே போகும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன்பின் புதுப் பொருள்களுக்கு நாள் குறிப்பதே நல்லது. தள்ளுபடி விலையைக் கண்டு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வரவழைத்துவிட்டால், வேலையாட்கள் நிற்கவும் இடம் இருக்காது.

கழிவைக் கொட்டுவதற்கு ஸ்கிப் என்னும் இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுப்பது வழக்கம். அதைச் சொந்த முற்றத்தில் வைக்க அனுமதி தேவையில்லை. பொதுச் சாலையில் வைப்பதற்குக் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றத்தின் பெர்மிட் வேண்டும். பெரும்பாலும் ஸ்கிப் நிறுவனமே அதற்கு விண்ணப்பிக்கும் என்றாலும், கட்டணம் கட்டியோ, அங்குக் குடியிருப்போர் மட்டுமோ வண்டி நிறுத்தும் தெருவில் அந்த இடத்தைத் தற்காலிகமாக ஒதுக்கவும் நாள் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். விளிம்புக்கு மேல் குவித்த தொட்டியை ஓட்டுநர் ஏற்ற மறுப்பார். குளிர்சாதனப் பெட்டி, பெயின்ட் டப்பா, பேட்டரி, டயர் ஆகியவற்றை அதில் போடக் கூடாது. பஞ்சு வைத்த சோபாவைத் தனியாகவே அப்புறப்படுத்த வேண்டும். மற்றக் குப்பையோடு சேர்ந்து மண்ணில் புதைந்தால் நச்சு வாயு உண்டாகும் என்பதால் சுவருக்கும் உட்கூரைக்கும் அடிக்கும் ஜிப்சம் பலகையான பிளாஸ்டர்போர்டையும் தனியே பிரித்து வைக்க வேண்டும். இரவோடிரவாகத் தெருவார் தங்கள் பழைய மெத்தையை உங்கள் தொட்டியில் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. மூடியுள்ள தொட்டிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் நட்டமில்லை.

எதையும் உடைப்பதற்கு முன் வீட்டின் வயதைப் பாருங்கள். உடைத்தால் தீங்கான தூசி கிளப்பும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பிரிட்டனில் 1999இல்தான் முற்றிலும் தடை செய்யப்பட்டது. எனவே 2000க்கு முன் கட்டிய வீட்டின் கராஜ் கூரையிலும், கோலம்போல் மேடுபள்ளமாகப் பூசிய உட்கூரையிலும், பழைய தரை ஓடுகளிலும் அது இருக்கக்கூடும். ஐயமிருந்தால் மாதிரியைப் பரிசோதிக்கும் வரை சுத்தியலைத் தொடாதீர்கள்.

புதிதாக வந்தவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "ரொக்கமாகக் கொடுத்தால் இன்றே அள்ளிக்கொண்டு போகிறேன்" என்று வேனோடு வருபவரை, தெரிந்தவர் சொன்னார் என்பதற்காக நம்பிவிடுகிறோம். அவர் அதைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போய், குவியலுக்குள் உங்கள் முகவரியுள்ள கடிதம் ஒன்று அகப்பட்டால், கவுன்சில் உங்களையும் தேடி வரும். கழிவு எடுத்துச்செல்லும் உரிமம் இல்லாதவரிடம் அதை ஒப்படைத்த வீட்டாருக்கு 600 பவுண்டு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சியின் பொதுப் பதிவேட்டில், கழிவை அள்ள வருபவரின் பெயரைச் சரிபார்த்து, வேன் எண்ணைக் குறித்து, ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே கைப்படச் செய்த சிறு வேலையின் கழிவாக இருந்தால், கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் ஒரு முறைக்கு 50 லிட்டர் பைகள் இரண்டு வரை, நான்கு வாரங்களில் நான்கு முறை கட்டணமின்றிப் போடலாம். கூலிக்கு ஆள் வைத்துச் செய்த வேலைக்கு இந்தச் சலுகை கிடையாது.

பொருள் வரவழைப்பதில் ஒன்றை நினைவில் வையுங்கள்: மணல், சிமென்ட், டைல்ஸ் ஆகியவற்றைக் கொண்டுவரும் லாரிக்காரர் நடைபாதையோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார், உள்ளே சுமக்க ஆள் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. பிளாஸ்டர் மூட்டைகளை ஈரத் தரையில் அடுக்காமல் பலகைமேல் வையுங்கள். மரத்தரைப் பலகைகளை, சுவர்ப் பூச்சு நன்கு காய்ந்த பிறகு வரவழைத்து, பதிக்கப்போகும் அறையிலேயே இரண்டு நாளாவது கிடத்துங்கள். டைல்ஸைப் பத்து விழுக்காடு கூடுதலாக, ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணில் வாங்குங்கள். பிரிக்காத பெட்டிகளைக் கடை திரும்ப எடுக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சமையலறை அலமாரிகள் கடைசியில் வரட்டும். வந்த அன்றே ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்த்து, உடைந்திருந்தால் படமெடுத்து விற்றவருக்கு அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள்.