ஊசியை எண்ணி ஏமாறாதீர்கள்: தீங்குக் குறைப்புத் திட்டங்களை மதிப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பினாங்கு ஜோர்ஜ்டவுனில் இரண்டு இளைஞர்கள் தங்களுடைய முதல் மதிப்பீட்டு அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டம். போதைப்பொருளை ஊசியில் ஏற்றுவோருக்குப் புது ஊசி கொடுப்பது. பழக்கத்தை நிறுத்து என்று கட்டாயப்படுத்தாமல் அதனால் வரும் நோயைக் குறைப்பதால் இதைத் தீங்குக் குறைப்பு என்கிறோம். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் ஒரு வரி: "ஊசி திரும்பும் விகிதம் குறைவு. திட்டம் பலவீனமாக உள்ளது." கொடுத்த ஊசிகளில் எத்தனை பழசாகத் திரும்பி வந்தன என்ற கணக்குதான் அந்த விகிதம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன்பு கிட்டத்தட்ட இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். அதனால் என்ன ஆனது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

மாதிரி போதவில்லை, கூட்டல் தப்பு என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அவற்றை இங்கே தொடப்போவதில்லை.

"எத்தனை பேர் திருந்தினார்கள்?"

இதைக் கேட்கவே கேட்காதீர்கள். எச்ஐவியும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சியும் பரவாமல் தடுப்பதுதான் இந்தத் திட்டத்தின் வேலை.

திரும்பி வந்த ஊசியை வைத்து எடை போடுவது

என்னை இன்றைக்கும் தூங்கவிடாத தவறு இதுதான்.

கிருமி எப்படிப் பரவுகிறது? ஒருவர் ஏற்றிய ஊசியை இன்னொருவர் எடுத்து ஏற்றும்போது. அப்படியானால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புது ஊசி கையில் இருக்க வேண்டும். ஹெராயின் பழகியவர் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறைகூட ஏற்றுவார். வருடக் கணக்கில் ஆயிரத்தைத் தாண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் ஐநா அமைப்புகளும் வெளியிட்ட தொழில்நுட்ப வழிகாட்டி, ஆளுக்கு வருடம் 100 ஊசிக்குக் கீழே போனால் குறைவு என்றும், 200க்கு மேல் போனால்தான் நல்ல அளவு என்றும் வகுத்திருந்தது. முதலில் பார்க்க வேண்டியது கைக்குப் போய்ச் சேர்ந்த புது ஊசி. பழைய ஊசி திரும்பி வருவது வேறு விஷயம். பிள்ளைகள் காலில் குத்தாமல், குப்பை அள்ளுகிறவர் கையில் குத்தாமல் இருக்க அதுவும் வேண்டும்தான். அதைத் தனியாக எண்ணுங்கள்.

பழைய ஊசி ஏன் திரும்பி வருவதில்லை என்று அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15வது பிரிவுப்படி, தனக்குத்தானே போதைப்பொருள் ஏற்றிக்கொள்வதே குற்றம். பையில் பழைய ஊசியை வைத்துக்கொண்டு ரோந்துக் காரைத் தாண்டி யார் நடப்பார்?

என் அறிக்கை நிதி கொடுப்பவர்களிடம் போனது. அடுத்த தவணைப் பணத்தை அந்த விகிதத்தோடு முடிச்சுப் போட்டார்கள். களப்பணியாளர்களுக்கு உத்தரவு வந்தது: பழசு கொண்டுவந்தால்தான் புதுசு.

ஆறு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், களப்பணியாளர் ஒருவரோடு சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குப் போனேன். நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர், நம் தமிழர்தான், எழுந்து வந்தார். "அண்ணே, பழசு இல்ல. நேத்து போலீஸ் வந்துச்சு, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிட்டோம்." சட்டைப்பையிலிருந்து மிச்சம் இருந்த ஒன்றே ஒன்றை எடுத்துக் காட்டினார். அந்தச் சின்ன ஊசியின் குழாயில் அளவுக்கோடு அச்சடித்திருக்கும் இல்லையா, அது ஒன்றுகூட இல்லை. விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து குழாய் வழுவழு என்று இருந்தது. எத்தனை முறை, எத்தனை பேர் கையில் போயிருந்தால் அந்த மை அழியும்! களப்பணியாளரின் பை நிறையப் புது ஊசி. கொடுக்க முடிந்தது ஒன்று. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அதே களப்பணியாளர் இடுக்கியும் டப்பாவுமாகக் கால்வாயில் கிடந்த ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நல்ல வேலைதான், யாராவது செய்ய வேண்டியதுதான். ஆனால் அவை எல்லாம் "திரும்பியவை" என்ற கட்டத்தில் ஏறின. கொடுத்தது குறைந்தது, பொறுக்கியது கூடியது, விகிதம் உயர்ந்தது. அடுத்த அறிக்கையில் அதற்கு "நல்ல முன்னேற்றம்" என்று பெயர்.

கனடாவின் வான்கூவரில் நடந்ததைப் படித்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. அங்கே 1990களில் ஊசி மாற்றும் மையம் இருந்தும் எச்ஐவி வேகமாகப் பரவியது. ஊசி கொடுப்பதால் பயனில்லை என்பதற்கு இதுவே சான்று என்று எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஒன்றுக்கு ஒன்று என்ற கட்டுப்பாடு இருந்தது. ஒரு நாளைக்குப் பல முறை கோகெய்ன் ஏற்றுகிற, ஏற்கெனவே அதிக ஆபத்தில் இருந்தவர்கள்தான் மையத்துக்கு அதிகம் வந்தார்கள். 2000க்குப் பிறகு கட்டுப்பாட்டைத் தளர்த்தித் தாராளமாகக் கொடுத்தார்கள். ஒருவர் ஊசியை ஒருவர் எடுப்பதும் புதுத் தொற்றும் குறைந்தன.

ஆகவே படிவத்தில் இரண்டு கேள்வி போதும்: நேற்று எத்தனை முறை ஏற்றினீர்கள்? அதில் எத்தனை முறை புது ஊசி?

கொங்சி

"ஊசியைப் பகிர்ந்துகொள்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மூன்று பேர் காசு போட்டு ஒரு பொட்டலம் வாங்குவார்கள். ஒரே மூடியில், ஒரே தண்ணீரில் கரைத்து, ஆளுக்கொரு ஊசியால் உறிஞ்சிக்கொள்வார்கள். ஊசி தனித்தனி, மருந்து கொங்சி, அதாவது கூட்டு. ஹெபடைடிஸ் சி பரவ அந்தத் தண்ணீரும் வடிகட்டும் பஞ்சும் போதும். தண்ணீர், கரண்டி, பஞ்சு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "பகிர்வு" என்று கேட்காதீர்கள், கொங்சி என்றே கேளுங்கள்.

கோடு சரிந்தால் உடனே கைதட்டுவது

மலேசியாவில் 2002இல் 6,978 புது எச்ஐவி நோயாளிகள் பதிவானார்கள். அதில் பெரும்பகுதி ஊசியால் வந்தது. ஹெராயினுக்குப் பதிலாக வாயால் குடிக்கக் கொடுக்கும் மருந்தான மெத்தடோன் சிகிச்சை 2005இல் தொடங்கியது. ஊசித் திட்டம் 2006இல் முன்னோடியாகப் பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாருவில் வந்தது. அதற்குப் பிறகு எண்ணிக்கை நன்றாகவே இறங்கியது. ஆனால் இறக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்புறம், பதிவாவது எத்தனை பேரைச் சோதித்தோம் என்பதைப் பொறுத்தது. மறுவாழ்வு மையங்களில் சோதனை கூடினாலும் குறைந்தாலும் கோடு ஏறி இறங்கும். பலர் ஹெராயினை விட்டு, புகையாக இழுக்கும் சியாபு (மெத்தம்ஃபெட்டமின்) பக்கம் போனதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தத் திட்டங்கள் உயிரைக் காப்பாற்றின என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். அதனால்தான் அவற்றுக்கு ஓட்டைச் சான்று கொடுத்தால் பொறுக்க முடியவில்லை. நாளைக்கே யாராவது அந்த ஓட்டையைக் காட்டி நிதியை வெட்டுவார்கள்.

காலைப் பேட்டி

காலையில் மையத்துக்கு வந்து உட்காருகிறவர்களை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பெண்கள் அங்கே அநேகமாக வருவதே இல்லை.

மெத்தடோன்

எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு வருடம் கழித்தும் எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு குடிக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு 60 முதல் 120 மில்லிகிராம் வரை தேவைப்படும். அளவு குறைந்தால் உடம்பு வலி தாங்காமல் திரும்பவும் சந்துக்கே போவார்கள். அந்த ஆளைக் "கைவிட்டார்" என்று பதிவேட்டில் எழுதும் முன், அவருக்கு எத்தனை மில்லிகிராம் ஊற்றினார்கள் என்று பாருங்கள்.

அந்த இளைஞர்களின் அறிக்கையில் முதல் பக்க வரியை அடித்துவிட்டோம். வருகிற வெள்ளிக்கிழமை இரவு களப்பணியாளரோடு இருவரும் சந்துக்குப் போகிறார்கள், அந்த இரண்டு கேள்வியோடு. திரும்பிய ஊசிக் கணக்கு கடைசிப் பக்கத்தில், குப்பை அகற்றல் என்ற தலைப்பின் கீழ் போகும்.