அக்காவின் பணிப்பட்டியலில் இருந்த பாகுபாடு: வழி கிடைத்த விதம்

லண்டன் பராமரிப்பு இல்லமொன்றில் அக்காவுக்கு மட்டும் வார இறுதி இரவு வேலையே தொடர்ந்து விழுந்தது; வெள்ளையினத்தவருக்கு அப்படியில்லை. மேலாளரிடம் பேசியும் பயனில்லை. எழுத்துமூல முறைப்பாட்டுக்கு, "ஆதாரம் எங்கே?" என்றார்கள்.

கைகொடுத்தது தரவுப் பாதுகாப்புச் சட்டம். தன்னைப் பற்றிய பதிவுகளை யாரும் கேட்கலாம். கட்டணமில்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பெயரோடு முதலெழுத்துகளையும் தேடச் சொல்லி எழுதினோம். மேலாளரின் மின்னஞ்சல்களில் முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன! "இவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள்" என்ற வரி அங்கேதான் கிடைத்தது.

உள்விசாரணை நடப்பதால், வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடுவதற்கான கெடு நிற்காது. எங்களுக்கு அது மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதற்குள் 2010 சமத்துவச் சட்டத்தின்கீழான பாகுபாட்டு முறைப்பாட்டை, வேலைத் தகராறுகளுக்கான ஏகாஸ் (Acas) சமரசச் சேவையில் பதிந்தோம். பட்டியல் மாறியது, எழுத்தில் மன்னிப்பும் வந்தது. பெரிய நிம்மதி.